அல்சைமர் நம்ம குடும்பத்துலயும் வருமா? ஜீன், டெஸ்ட், மாத்திரை, புது ஊசி பத்தி நம்ம பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி, கோபாலபுரம்னு கேரளா பார்டர்ல இருக்கிற நம்ம தமிழ் வீடுகளுக்கு பாலியேட்டிவ் நர்சம்மா (நாள்பட்ட நோயாளிங்கள வீட்டுக்கே வந்து பாத்துக்கறவங்க) கூட வாலண்டியரா போய்ட்டு இருக்கேன், டாக்டர் இல்லைங்க. வயசானவங்கள பாத்துட்டு கிளம்பறப்ப வாசல் வரைக்கும் கூடவே வந்து மகனோ மகளோ மெதுவா கேக்கறது பெரும்பாலும் இந்த மறதி நோய் பத்தித்தான், அதுவும் பாதி நேரம் நோயாளிய பத்தி இல்ல, தன்னை பத்தி. டாக்டர்மார்கிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டத ஒரே இடத்துல போடறேன். மருந்த மாத்தறது, நிறுத்தறது, டோஸ் கூட்டறது எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டு மட்டும்.

டிமென்ஷியாங்கறாங்க, அல்சைமர்ங்கறாங்க, ரெண்டும் ஒண்ணுங்களா?

டிமென்ஷியாங்கறது பொதுப்பேரு, அதுக்கு காரணமா இருக்கிற நோய்கள்ல ரொம்ப அதிகமா வர்றது அல்சைமர். 1906-ல ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், ஐம்பது வயசு வாக்குல இந்த நோய் வந்து இறந்துபோன ஒரு பொம்பளையோட மூளைய மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு சொன்னதுதான் முதல் தகவல். நரம்பு செல்லுக்கு வெளிய அமிலாய்டுன்னு ஒரு புரதம் திட்டுத்திட்டா படியுது, உள்ள டாவ்ங்கற புரதம் முறுக்கிக்குது. இது மறதி தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுருது. அறுபது தாண்டுன இந்தியர்கள்ல நூத்துக்கு 7 பேருக்கு மேல டிமென்ஷியா இருக்குன்னு 2023-ல வந்த கணக்கு சொல்லுது, ஆள் எண்ணிக்கையில சுமார் 88 லட்சம். அதனால "வயசானா அறளை பெயர்றது சகஜந்தானே"ன்னு விட்டுற வேண்டாங்க, வயசு ஒரு காரணம், ஆனா இது நோய்.

எங்கம்மாவுக்கு வந்துருக்குங்க, எனக்கும் வருமுங்களா?

இத கேக்காத வீடே இல்லைங்க. பதில் ஒரே ஒரு விஷயத்த பொறுத்துத்தான் இருக்கு, அம்மாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சுது?

எழுபது, எழுபத்தஞ்சுக்கு மேல ஆரம்பிச்சுருந்தா அது சாதாரணமா வர்ற வகை, அல்சைமர் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த வகைதான். பெத்தவங்களுக்கோ கூடப்பொறந்தவங்களுக்கோ இருந்தா நமக்கு வாய்ப்பு மத்தவங்கள விட கொஞ்சம் கூடுதல்தான், ஆனா வந்தே தீரும்னு இல்ல. நிறைய ஜீன் ஆளுக்கு கொஞ்சமா பங்கு போடுது, 2022-ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி நம்ம மரபணுவுல 75 இடத்த அடையாளம் காட்டுச்சு, அதுல ஒவ்வொண்ணோட பங்கும் சின்னது, ஏபிஓஈங்கற ஒண்ணு மட்டும் பெருசு, அத அடுத்து சொல்றேன்.

நாப்பது, ஐம்பது வயசுலயே ஆரம்பிச்சு, அதே மாதிரி அம்மாவோட அண்ணனுக்கும் அவங்கப்பாவுக்கும்னு தலைமுறை தலைமுறையா சின்ன வயசுலயே வந்துருந்தா கதை வேற. பிரெசெனிலின்-1, பிரெசெனிலின்-2, ஏபிபின்னு மூணு ஜீன் இருக்கு, இதுல ஏதாவது ஒண்ணுல கெட்ட மாற்றம் இருந்தா ஒரு பக்கத்துல இருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பொண்ணோ ஒரே கணக்கு. மொத்த அல்சைமர்ல இது நூத்துல ஒண்ணுக்கும் குறைவு. நம்ம பக்கம் கேக்கறவங்கள்ல அனேகமா எல்லாரும் முதல் வகைதான், அத முதல்ல தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிரும்.

கொலம்பியா நாட்டுல ஆந்தியோக்கியான்னு ஒரு மலைப்பிரதேசம் இருக்கு, அங்க ஆயிரக்கணக்குல சொந்தக்காரங்க ஒரே பிரெசெனிலின்-1 மாற்றத்தோட இருக்காங்க, நாப்பத்தஞ்சு வயசு வாக்குலயே மறதி ஆரம்பிச்சுருது. பிரான்சிஸ்கோ லொபேராங்கற டாக்டர் வருஷக்கணக்கா அந்த வீடுகளுக்கு போய் போய் குடும்ப வரலாற சேத்தாரு. அந்த குடும்பத்துல ஒரு அம்மாவுக்கு கெட்ட மாற்றம் இருந்தும் எழுபது வயசு வரைக்கும் பெருசா ஒண்ணும் வரல, ஏன்னு பாத்தா ஏபிஓஈ ஜீன்ல கிரைஸ்ட்சர்ச்னு ஒரு அபூர்வ மாற்றம் அவங்களுக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்துருந்துச்சு, 2019-ல இத வெளியிட்டாங்க. எனக்கு இத படிச்சப்ப ரொம்ப தெம்பா இருந்துச்சுங்க, ஏன்னா அவ்வளவு பலமான ஜீனையே இன்னொரு ஜீன் இருபது முப்பது வருஷம் தள்ளிப்போடுதுன்னா அந்த வழிய மருந்தா மாத்த முடியுமான்னு இப்ப பல பேர் வேலை பாத்துட்டு இருக்காங்க.

ஏபிஓஈ, ஈ4ன்னு சொல்றாங்களே, அது என்னங்க?

ஏபிஓஈங்கறது 19-வது குரோமோசோம்ல இருக்கிற ஜீன், கொழுப்ப செல்லுக்கு செல் தூக்கிட்டுப் போற புரதத்த உண்டாக்குது. ஈ2, ஈ3, ஈ4ன்னு மூணு வகை, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு நமக்கு ரெண்டு கிடைக்கும், ஊர் உலகத்துல ஜாஸ்தி ஈ3. ஈ4 இருந்தா மூளையில அமிலாய்ட கழுவி வெளிய அனுப்பற வேலை சுணங்குது. 1993-ல அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டிக்காரங்க இந்த தொடர்ப கண்டுபிடிச்சாங்க. ஒரு ஈ4 இருந்தா ஆபத்து ரெண்டுல இருந்து மூணு மடங்கு, ரெண்டு இருந்தா எட்டுல இருந்து பன்னெண்டு மடங்குன்னு சொல்றது ஐரோப்பா வம்சாவளி ஆளுங்கள வெச்சு எடுத்த கணக்கு, எல்லா இனத்துக்கும் அதே அளவு இல்ல, நம்ம நாட்டுல ஈ4 இருக்கிறவங்களும் அவங்கள விட குறைவு. ஈ2 இருந்தா ஆபத்து குறையுது.

ஈ4 இருந்தும் தொண்ணூறு வயசு வரைக்கும் தோப்புக் கணக்கு பாக்கறவங்க இருக்காங்க, ஈ4 இல்லாமயே அல்சைமர் வந்தவங்களும் ஏராளம். ரெண்டு ஈ4 இருக்கிறவங்க விஷயம் மட்டும் கொஞ்சம் கனமானது, 65 வயசுக்குள்ள அவங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் அமிலாய்டு படிய ஆரம்பிச்சுருதுன்னு 2024-ல ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. படியறதும் நோய் வெளிய வர்றதும் ஒண்ணு இல்ல, அதையும் சேத்து மனசுல வைங்க.

அப்ப ஜீன் டெஸ்ட் எடுத்துரலாமா? ஆன்லைன்ல எச்சில் அனுப்புனா போதுங்கறாங்க.

என் அபிப்பிராயத்த நேரா சொல்லிடறேன், அறுபது எழுபதுக்கு மேல நோய் வந்த வீட்டுப் பிள்ளைங்க எச்சில் டெஸ்ட்டுக்கு காசு கட்ட வேண்டாம். ஈ4 இருக்குன்னு வந்தா இன்னைக்கு நீங்க செய்ய வேண்டியது என்னவோ அதேதான் இல்லைன்னு வந்தாலும் செய்யணும், பிரஷர், சுகர், காது, நடை. ரிசல்ட் மட்டும் ராத்திரி தூக்கத்த கெடுக்கும், கார் சாவிய தேடறப்பெல்லாம் "ஆரம்பிச்சுருச்சோ"ன்னு பயம். இன்னொண்ணு, உங்களுக்கு ரெண்டு ஈ4ன்னு வந்தா உங்க பிள்ளைங்க எல்லாருக்கும் ஒண்ணு உறுதியா இருக்குன்னு அர்த்தம், அவங்கள கேக்காமயே அவங்க ரிசல்ட்டையும் நீங்க பாத்துட்டீங்க. இன்சூரன்ஸ் எடுக்கறப்ப இது எப்படி பயன்படும்ங்கறதையும் யோசிச்சுக்கோங்க.

எடுக்க வேண்டிய நேரம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, மேல சொன்ன சின்ன வயசு வகை குடும்பத்துல தெரிஞ்சா, அப்பவும் முதல்ல ஜெனடிக் கவுன்சிலர்கிட்ட (ஜீன் டெஸ்ட் பத்தி விளக்கி சொல்றவங்க) உக்காந்து பேசிட்டுத்தான், முதல் டெஸ்ட் நோய் இருக்கிறவங்களுக்கு, அதுல மாற்றம் கிடைச்சா மட்டும் பிள்ளைங்களுக்கு, அதுவும் பதினெட்டு தாண்டி அவங்களா விரும்புனா. வேலூர் சிஎம்சியில மரபியலுக்குன்னே தனி துறை இருக்கு. ரெண்டாவது, புது ஊசி போடறதா முடிவு பண்ணுனா நோயாளிக்கு ஏபிஓஈ பாக்கறது அவசியம், காரணம் கீழ வருது.

சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலதான் இப்புடி வருதுங்களா?

மாமன் மகள், அக்கா மகள்னு கட்டுன வீடு நம்ம பக்கம் நிறைய, அதனால இந்த கேள்வியும் நிறைய. சின்ன வயசு வகைக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமே இல்ல, ஒரு பக்கம் போதும்னு சொன்னேன்ல. ஈ4 விஷயத்துல மட்டும், ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டின்னா அவங்ககிட்ட இருந்த ஈ4 ரெண்டு வழியாவும் பிள்ளைக்கு வந்து சேர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். யாரோட மருமகளும் இதுக்கு குத்தவாளி இல்ல.

பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட பாட்டிக்கு இந்த நோய் இருக்குன்னு சொல்லணுமா?

எண்பது வயசு பாட்டிக்கு பிரஷர் இருக்குங்கறத எப்படி மறைக்காம சொல்லுவீங்களோ அப்படியே இதையும் சொல்லுங்க. பாட்டிய உள்ரூம்ல வெச்சு கதவ சாத்தறத கண்ணால பாத்துருக்கேன், அவங்களுக்கு பயம் ஜாஸ்தியாகி கத்த ஆரம்பிச்சதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில மெமரி டெஸ்ட்ல மார்க் ரொம்ப கம்மிங்கறாங்க, அத நம்பலாமா?

நம்ம பார்டர் ஆளுங்க இத கட்டாயம் படிக்கணும். ஒழலப்பதி பக்கத்துல இருந்து ஒரு அம்மாயிய ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனப்ப பக்கத்துலயே நின்னேன். டெஸ்ட் முழுக்க மலையாளத்துல. இது ஏது மாசம்னு கேட்டாங்க, அம்மாயி "ஆடி"ன்னாங்க, எதிர்பார்த்த பதில் கர்க்கடகம். ரெண்டும் கிட்டத்தட்ட அதே மாசந்தானுங்க! நூறுல இருந்து ஏழ ஏழா குறைச்சுட்டே வாங்கன்னாங்க, பள்ளிக்கூடமே போகாதவங்க, முழிச்சாங்க. நர்சுகிட்ட அனுமதி கேட்டுட்டு "அம்மாயி, நூறு தேங்காயில ஏழு அழுகிப்போச்சு, மிச்சம் எத்தனை"ன்னேன், தொண்ணூத்தி மூணுன்னு பட்டுனு வந்துச்சு, அதுலயும் ஏழு அழுகுனா எண்பத்தாறு. மூணு வார்த்தைய ஞாபகம் வெச்சு திருப்பி சொல்றதுல மட்டும் ஒண்ணுமே வரல, தமிழ்ல கேட்டும் வரல, அதுதான் நிஜமான குறை. மொழியால போன மார்க்கயும் நோயால போன மார்க்கயும் பிரிச்சாத்தான் நோய் எந்த கட்டத்துல இருக்குன்னே தெரியும்.

அதனால போறப்பவே "வீட்டுல பேசறது தமிழ், படிக்கல"ன்னு சொல்லிருங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரிக்காரங்க அடன்புரூக்ஸ்ங்கற மெமரி டெஸ்ட்ட மலையாளத்துக்கு நல்லா தழுவி எடுத்தாங்க, ஆனா அது மலையாளம் பேசறவங்களுக்கு. தமிழ் தெரிஞ்ச ஆள வெச்சு எடுக்கச் சொல்லி கேக்கலாம், இல்லைன்னா கோயமுத்தூர்ல தமிழ்லயே எடுத்துக்கலாம். கண்ணாடி, காது மெஷின் இருந்தா மறக்காம போட்டு கூட்டிட்டுப் போங்க.

மறதின்னா அல்சைமர்தான்னு எப்படி முடிவு பண்றாங்க?

முதல்ல சரி பண்ணக்கூடிய காரணம் இருக்கான்னு பாக்கணும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழ விழுந்து மண்டைக்குள்ள ரத்தம் கட்டறது, மூளையில நீர் கூடறது, இதெல்லாம் அச்சு அசலா மறதி நோய் மாதிரியே இருக்கும். அலர்ஜி, சளிக்கு போடற சில பழைய மாத்திரை, தூக்க மாத்திரை, சில மூத்திரப்பை மாத்திரையும் குழப்பத்த உண்டாக்கும், அதனால வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும், மருந்துக்கடையில சும்மா வாங்குனது உட்பட, ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. அப்புறம் ஸ்கேன். பி-டாவ்217ன்னு ரத்தத்துலயே பாக்கற டெஸ்ட் இப்ப வந்துருக்கு, 2025 மே மாசம் அமெரிக்காவுல முதல் ரத்த டெஸ்ட்டுக்கு அனுமதி குடுத்தாங்க, அது மறதி ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கு, நல்லா இருக்கிறவங்க சும்மா எடுத்துப் பாக்கறதுக்கு இல்ல.

டாக்டர் குடுத்த மாத்திரையில குணமாகுமா?

குணமாகாதுங்க, இத மறைக்கறதுல யாருக்கும் லாபம் இல்ல. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலண்டமைன் மூணும் ஒரே வகை, மூளையில அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனம் சீக்கிரம் கரையாம பாத்துக்குது, அதனால பேச்சு, கவனம், அன்றாட வேலை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். சிலருக்கு நல்லா தெரியும், சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. நோய் முத்துன கட்டத்துல மெமன்டைன் சேப்பாங்க, அது வேற வழியில வேலை செய்யுது.

டோனெபெசில் வழக்கமா ராத்திரி 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு சில வாரம் கழிச்சுத்தான் 10 ஆக்குவாங்க. வாந்தி, வயித்தால போறது, பசி குறையறது, நாடி மெதுவாகி தலைசுத்தி விழறது, கெட்ட கனவு வந்து அலறறது, இதெல்லாம் வரலாம். கனவுன்னா காலையில போடச் சொல்லி டாக்டர் மாத்துவாரு. மயங்கி விழுந்தா உடனே காட்டுங்க.

ரிவாஸ்டிக்மின் ஒட்டுப் பட்டையாவும் வருது, முழுங்க மாட்டேன்னு அடம்புடிக்கறவங்களுக்கு நல்ல வழி. அதுல நான் வீட்டுக்கு வீடு சொல்றது ஒண்ணே ஒண்ணு, பழைய பட்டைய உரிச்சுட்டுத்தான் புதுச ஒட்டணும். முதுகுல ஒட்டறதால கண்ணுக்கு தெரியாது, காலையில மருமகள் ஒண்ணு ஒட்டுவாங்க, மகன் வந்து இன்னொண்ணு ஒட்டுவாரு, மருந்து அளவு மீறி ஆபத்தாயிரும். தினமும் ஒரே ஆள் ஒட்டணும், இடத்த மாத்தி ஒட்டணும், பட்டை மேல பேனாவுல கிழமை எழுதிருங்க. இந்த மாத்திரைங்க பழசாயிட்டதால ஜெனரிக்கா விலை கம்மியா கிடைக்கும், ஜன் ஔஷதி கடையிலயும் இந்தப் பக்கம் கேரளா அரசோட காருண்யா பார்மசியிலயும் மருந்து பேர சொல்லி கேளுங்க.

புதுசா ஊசி வந்துருக்காமே, நிலத்த வித்தாவது போட்டுரலாமுங்களா?

லெக்கனெமாப் 2023 ஜூலையில அமெரிக்காவுல முழு அனுமதி வாங்குச்சு, டோனனெமாப் 2024 ஜூலையில. ரெண்டும் மூளையில படிஞ்ச அமிலாய்ட அள்ளி வெளிய போடற ஆன்டிபாடி மருந்து, முதல்ல சொன்னது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ட்ரிப்ஸ்ல, அடுத்தது மாசம் ஒரு தடவை. லெக்கனெமாப்ப 1,795 பேருக்கு 18 மாசம் சோதிச்சாங்க, மருந்து போட்டவங்களுக்கு சரிவு 27 சதவீதம் மெதுவா இருந்துச்சு. காதுக்கு பெருசா கேக்கும், ஆனா 18 பாயின்ட் அளவுகோல்ல வித்தியாசம் அரை பாயின்ட்டுக்கும் கீழ. போன ஞாபகம் திரும்பாது, போற வேகந்தான் குறையும்.

அப்புறம் ஆபத்து. மூளையில நீர் கோர்க்கறது, சின்ன சின்ன ரத்தக்கசிவு. நீர் கோர்த்தது அந்த சோதனையில நூத்துல 12, 13 பேருக்கு, ரெண்டு ஈ4 இருந்தவங்கள்ல மட்டும் பாத்தா நூத்துல 32 பேருக்கு மேல. நிறைய பேருக்கு தலைவலி கூட இல்லாம சரியாச்சு, சிலர் உயிரே போயிருக்கு. அதனாலதான் ஊசிக்கு முன்னாடி ஏபிஓஈ டெஸ்ட், நடுவுல திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ. ஐரோப்பாவுல 2025-ல அனுமதி குடுத்தப்ப ரெண்டு ஈ4 இருக்கிறவங்களுக்கு வேண்டாம்னு விட்டுட்டாங்க. ரத்தம் கட்டாம இருக்க மருந்து சாப்பிடறவங்களுக்கும் இது சரிப்படாது. எல்லாத்துக்கும் மேல, நோய் ஆரம்ப கட்டத்துல, தன் வேலைய தானே பாத்துக்கற நிலையில இருந்தாத்தான் பிரயோஜனம். படுக்கையில இருக்கிற அப்பாவுக்காக தோப்ப விக்காதீங்க, அந்த காசு நாலு வருஷம் பகல்ல ஒரு ஆள் வெச்சு பாத்துக்க ஆகும். ஆரம்ப கட்டத்துல இருக்காங்க, வசதியும் இருக்குன்னா நியூராலஜிஸ்ட்கிட்ட தாராளமா பேசுங்க.

2021-ல அடுகானுமாப்னு ஒண்ணு பெரிய ஆரவாரத்தோட வந்துச்சு, 2024-ல கம்பெனியே அத கைவிட்டுச்சு.

ஜீனையே மாத்தற சிகிச்சை வருமா?

சோதனையில இருக்கு. ரெண்டு ஈ4 இருக்கிறவங்களுக்கு நல்ல வகையான ஈ2 ஜீன வைரஸ் மூலமா உள்ள அனுப்பி பாக்கறாங்க, டாவ் புரதம் உற்பத்தியாகறதயே குறைக்கற மருந்து முதுகுத்தண்டு வழியா குடுத்து பாக்கறாங்க. இன்னைக்கு கடையில, கிளினிக்ல கிடைக்கற சிகிச்சை இல்ல, அதனால "ஸ்டெம் செல் போட்டா சரியாயிரும்"னு யாராவது லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துருங்க.

தேங்காயெண்ணெய், வல்லாரை, மஞ்சள்?

தினமும் ரெண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெய் குடிச்சா மறதி போயிரும்ங்கறது நம்ம தென்னை நாட்டுல காட்டுத்தீயா பரவுன வாட்ஸ்அப் செய்தி, பெரிய சோதனை எதுலயும் நிரூபிக்கல, கெட்ட கொழுப்ப அது கூட்டும், நடுவயசுல கெட்ட கொழுப்பு ஜாஸ்தி இருக்கிறது டிமென்ஷியாவுக்கு ஒரு காரணம்னு லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு (லான்செட் கமிஷன்) 2024 பட்டியல்லயே சேத்துட்டாங்க. சமையலுக்கு ஊத்தறத ஊத்துங்க, மருந்துன்னு குடிக்க வேண்டாம். வல்லாரை துவையல் ருசிக்கு சாப்பிடுங்க, மாத்திரைய நிறுத்திட்டு சாப்பிடாதீங்க. ஞாபகத்துக்குன்னு விக்கற ஜிங்கோங்கற மூலிகை மாத்திரைய மூவாயிரத்துக்கு மேல ஆளுங்கள வெச்சு சோதிச்சு 2008-லயே தடுக்கறது இல்லைன்னு சொல்லிட்டாங்க.

ஜீன மாத்த முடியாது, அப்ப எத மாத்தலாம்?

அதே லான்செட் கமிஷன் 14 காரணத்த சொல்லி, இதெல்லாம் சரி பண்ணுனா உலகத்துல டிமென்ஷியாவுல 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்னு கணக்கு போட்டாங்க. பிரஷர், சுகர், புகை, குடி, உடம்ப அசைக்காம உக்காந்தே இருக்கிறது, தனிமை, கண் பார்வை, காது இதெல்லாம் அதுல வருது. நம்ம பக்கம் ரொம்ப அலட்சியமா விடறது காதுதான். செவிடுன்னு சொல்லிருவாங்கன்னு மெஷின் வாங்கி பீரோவுல வெச்சுருக்காங்க. 2023-ல அமெரிக்காவுல பண்ணுன சோதனையில, மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்லைன்னாலும் ஆபத்து ஜாஸ்தி இருந்த பிரிவுல காது மெஷின் போட்டவங்களுக்கு மூணு வருஷத்துல மூளைத்திறன் சரிவு கிட்டத்தட்ட பாதியாச்சு.

நமக்கு சாதகமா ஒண்ணு சொல்றேன். ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில சுவர்ணா அல்லாடி டாக்டர் குழு 648 டிமென்ஷியா நோயாளிங்கள பாத்து 2013-ல வெளியிட்டாங்க, ரெண்டு மொழி பேசறவங்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமா ஆரம்பிச்சுருக்கு, எழுதப்படிக்க தெரியாதவங்களுக்கும்கூட. எல்லா ஆராய்ச்சியும் இத ஒத்துக்கல, ஆனா வீட்டுல தமிழும் ரேஷன் கடையில மலையாளமும் பேசிட்டு இருக்கிற அப்பாரு அப்படியே பேசட்டும், "உனக்கெதுக்கு, நான் போய் வாங்கிட்டு வரேன்"னு உக்கார வெச்சுராதீங்க.

ராத்திரி தூங்கவே மாட்டேங்கறாங்க, நகைய நான் திருடிட்டேன்னு சண்டை. தூக்க மாத்திரை குடுக்கலாமா?

நீங்களா குடுக்காதீங்க. ரெண்டு மூணு நாளுல திடீர்னு மாறியிருந்தா முதல்ல மூத்திரத்துல கிருமி, மலச்சிக்கல், வலி, ஜுரம், தண்ணி குடிக்காதது இதெல்லாம் இருக்கான்னு பாக்கணும், அத சரி பண்ணுனாலே பாதி அடங்கிரும். மனநோய்க்கு குடுக்கற மாத்திரைங்க டிமென்ஷியா வந்த வயசானவங்களுக்கு உயிராபத்த கூட்டுதுன்னு அமெரிக்க மருந்துத்துறை 2005-லயே எச்சரிக்கை போட்டுச்சு, வேற வழியே இல்லைன்னா டாக்டர் சின்ன டோஸ்ல கொஞ்ச நாளைக்கு குடுப்பாரு, மாசக்கணக்குல தொடர்றதுக்கு இல்ல. திருட்டுப் பழி சொல்றப்ப வாதாடாதீங்க, "வாங்க அம்மா, சேந்து தேடலாம்"னு கூடவே தேடுங்க.

கேரளா ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி கோயமுத்தூர். உதவி எங்க கேக்கறது?

கார்டு எந்த மாநிலமோ இன்சூரன்சும் அந்த மாநிலந்தான், தமிழ்நாடு முதல்வர் காப்பீடு அங்க குடும்ப அட்டை இருக்கிறவங்களுக்கு மட்டும். இன்சூரன்சும் அட்மிட் ஆனாத்தான், மாசாமாசம் வாங்கற மாத்திரைக்கு ஆகாது. அதனால டயக்னோசிஸ் கோயமுத்தூர்ல தமிழ்ல முடிச்சுட்டு, அந்த சீட்ட வெச்சு பாலக்காடு பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில தொடர்றது நிறைய குடும்பத்துக்கு ஒத்து வருது. பஞ்சாயத்து பாலியேட்டிவ்ல பேர் பதிஞ்சா நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, ஆஷா ஒர்க்கர்கிட்ட சொன்னா போதும். படுக்கையில இருக்கிறவங்கள பாத்துக்கறவங்களுக்கு ஆஸ்வாசகிரணம்னு மாச உதவித்தொகை திட்டம் இருக்கு, அதுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேணும். ஏஆர்டிஎஸ்ஐங்கற அல்சைமர் சங்கம் 1992-ல கேரளாவுலதான் ஆரம்பிச்சாங்க, வீட்டுல பாத்துக்கறவங்களுக்கு பயிற்சி குடுக்கறாங்க. ரெண்டு மாநிலத்துலயும் முதியோர் ஹெல்ப்லைன் 14567. கோயமுத்தூர் சீட்டு, ஸ்கேன், ரத்த ரிசல்ட் எல்லாத்தையும் ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணு நர்சம்மா வர்றப்ப காட்டறதுக்கு வீட்டு ஃபைல்ல வெச்சுருங்க.